பழைய வயர்லெஸ்ஸை யார் நிறுத்துவது?

பிரிட்டனில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் பேசிக்கொள்ளும் ஏர்வேவ் ரேடியோ நெட்வொர்க்கை 2019 கடைசியில் மூடிவிடுவதாகத்தான் திட்டம். அப்புறம் 2022 என்றார்கள், பிறகு 2026, இப்போது 2029. ஏர்வேவ் இன்றும் ஓடுகிறது, அதுவும் நன்றாகவே ஓடுகிறது. அதன் இடத்துக்கு வரவேண்டிய புது நெட்வொர்க்குக்கு ஈஎஸ்என் என்று பெயர். அதற்கு 2023 வரைக்குமே ஏறத்தாழ 200 கோடி பவுண்டு செலவாகிவிட்டது.

நான் லண்டனில் மொபைல் நெட்வொர்க் வேலையில் இருப்பவன். எங்கே டவர் வைத்தால் சிக்னல் எதுவரை போகும் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. இந்தத் திட்டத்தில் எனக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. ஆனால் ஊரிலிருந்து பேசும் நண்பர்கள், "எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது, போலீஸுக்கு மட்டும் எதற்கு இன்னும் வாக்கி-டாக்கி?" என்று கேட்கும்போது இரண்டு வரியில் பதில் சொல்ல வருவதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏர்வேவ் ஓடுவது டெட்ரா என்ற தொழில்நுட்பத்தில். 2000-ல் ஒப்பந்தம் போட்டு, லங்காஷயர் போலீஸில் தொடங்கி, 2005 வாக்கில் எல்லாப் போலீஸ் படைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தீயணைப்பும் ஆம்புலன்ஸும் அதன் பிறகு ஏறின. கிரேட் பிரிட்டனின் நிலப்பரப்பில் 97 சதவீதத்தை எட்டுகிறது, ஏறத்தாழ 3 லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். பக்கவாட்டுப் பட்டனை அழுத்திய அரை நொடிக்குள் அந்தக் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் குரல் போய்விடும், டயல் பண்ணுவது, மணி அடிப்பது எதுவும் கிடையாது. இது தவிர அவசரப் பட்டன் ஒன்று உண்டு. அதை ஒருமுறை அழுத்தினால் போதும், மற்றப் பேச்சையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு மைக் தானாகவே சில நொடிகள் திறந்துகொள்ளும், யாரோ கையை முறுக்கிப் பிடித்திருக்கும் காவலர் வேறு எதையும் தொடாமலே சுற்றி நடப்பது கண்ட்ரோல் ரூமுக்குக் கேட்கும். குறை என்னவென்றால் டேட்டா. ஒரு போட்டோ அனுப்பக்கூட லாயக்கில்லாத வேகம் என்பதால், ரேடியோவோடு தனியாக ஒரு ஸ்மார்ட்போனையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

இந்த மாதிரி ஒரு நெட்வொர்க் எதற்கு என்று புரிய வேண்டுமென்றால் 2005 ஜூலை 7-ஐப் பார்க்க வேண்டும். லண்டன் பாதாள ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்த நாள். சுரங்கத்துக்குள் போக்குவரத்துப் போலீஸின் ரேடியோ மட்டும்தான் வேலை செய்தது. மற்றவர்கள் கீழே என்ன நிலைமை என்று சொல்ல ஆளை மேலே ஓடவிட்டார்கள். இத்தனைக்கும் 1987-ல் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் தீப்பிடித்து 31 பேர் இறந்தபோதே, சுரங்கத்துக்குள் ரேடியோ வேண்டும் என்று விசாரணை அறிக்கை எழுதி வைத்துவிட்டது. 17 வருடம் கழித்தும் அது காகிதத்திலேயேதான் இருந்தது.

அதே நாளில் நடந்த இன்னொன்றைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, என் வேலைக்கு அதுதான் நெருக்கமானது. ஆம்புலன்ஸ் அதிகாரிகள் அன்று பெரும்பாலும் மொபைல் போனை நம்பியிருந்தார்கள், லண்டனே போனை எடுத்து வீட்டுக்கு அடித்ததில் நெட்வொர்க் திணறிப்போனது. பொதுமக்களின் போன்களைத் தள்ளிவைத்து, முன்னுரிமை சிம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வழிவிடும் ஏற்பாடு அப்போதே இருந்தது. மேலிடம் அதை வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தும், சிட்டி ஆஃப் லண்டன் போலீஸ் ஆல்ட்கேட் ஸ்டேஷனைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கு ஓ2 நெட்வொர்க்கில் அதைப் போடச் சொல்ல, பல மணி நேரம் அது அப்படியே இருந்தது. முன்னுரிமை சிம் இல்லாத மீட்புப் பணியாளர் அந்த வட்டத்துக்குள் இருந்திருந்தால் அவர் போனும் ஊமைதான். இன்றைய 4ஜியில் இதையெல்லாம் நாசூக்காகச் செய்யலாம், ஒரு பகுதி முழுவதையும் துண்டிக்க வேண்டியதில்லை, தேவைப்படும்போது பொதுமக்களின் இணைப்பு ஒன்றை இறக்கிவிட்டு அந்த இடத்தில் போலீஸை ஏற்றலாம். ஆனால் எந்த சிம்முக்கு எந்த உரிமை என்ற பட்டியலை யாராவது ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், அந்த வேலையை எந்தத் தொழில்நுட்பமும் நமக்காகச் செய்யாது.

சரி, 2015-க்கு வருவோம். ஏர்வேவ் விலை அதிகம், டேட்டாவும் இல்லை, ஆகவே தனி நெட்வொர்க்கே வேண்டாம், மக்கள் பயன்படுத்தும் ஈஈ என்ற மொபைல் நிறுவனத்தின் 4ஜியிலேயே போலீஸையும் ஏற்றிவிடலாம் என்று உள்துறை அமைச்சகம் முடிவு செய்தது. டவர்கள் ஈஈயின் பொறுப்பு. அதன் மேல் ஓடும் குரல் மென்பொருள் மோட்டரோலாவின் பொறுப்பு. இது 2015 டிசம்பர். அதே டிசம்பரில் மோட்டரோலா ஏர்வேவ் நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்து, 2016 பிப்ரவரியில் வாங்கியும் முடித்தது. வாடகை வாங்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரிடமே நாம் குடிபோகப்போகும் புது வீட்டைக் கட்டும் வேலையைக் கொடுத்த கதை. வீடு தாமதமாகத் தாமதமாக வாடகை வந்துகொண்டேயிருக்கும்.

மோட்டரோலா வேண்டுமென்றே தாமதித்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரமும் இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் தாமதம் மோட்டரோலாவுக்கு வலிக்காமல் போனது. பிரிட்டனின் போட்டி ஆணையமான சிஎம்ஏ 2023-ல் கணக்குப் பார்த்து, ஏர்வேவுக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி பவுண்டு கூடுதலாக வாங்கப்படுகிறது என்று சொல்லி விலைக்கு உச்சவரம்பு போட்டது. மோட்டரோலா மேல்முறையீடு செய்து தோற்றது. அதற்கு முன்பே, 2022 கடைசியில், ஈஎஸ்என் ஒப்பந்தத்திலிருந்து அது விலகிவிட்டது. அந்த வேலை பிறகு ஐபிஎம்முக்குப் போனது, கூட சாம்சங். டவர் பக்கம் ஈஈ தொடர்கிறது.

பணக் கதை இவ்வளவுதான், நாளிதழில் எல்லாம் வந்தது. எனக்கு இதைவிடச் சுவாரசியம் தரையில் இருக்கும் சிக்கல்கள்.

எங்கள் வேலையில் கவரேஜ் பார்ப்பதென்றால், கார் டிக்கியில் வரிசையாகப் போன்களை மாட்டி, கூரையில் ஆண்டெனா வைத்து, லேப்டாப்பில் எண்களைப் பார்த்துக்கொண்டே ஊர் ஊராக ஓட்டுவது. வேல்ஸ் மலைப் பக்கம் போனால் தெரியும். -95 என்று சுகமாகக் காட்டிக்கொண்டிருந்த சிக்னல் அளவு, பாறையை ஒட்டி ஒரு வளைவு திரும்பியதும் -118-க்கு விழும். போன் திரையில் ஒரு கோடு இன்னும் இருக்கும், குரல் மட்டும் வராது. சாதாரண வாடிக்கையாளர் அடுத்த வளைவுவரை பொறுத்துக்கொள்வார். காருக்கு அடியில் சிக்கியவரை வெளியே எடுத்துக்கொண்டிருக்கும் தீயணைப்பு வீரர் அந்த வளைவிலேயேதான் நிற்பார். டெட்ரா 400 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே ஓடுவதால் இந்த மாதிரி இடங்களில் 4ஜியைவிட நன்றாகவே வளைந்து உள்ளே நுழையும். அதை ஈடுகட்ட ஆள் நடமாட்டமே இல்லாத மலைகளிலும் கடலோரங்களிலும் ஏறத்தாழ 300 புது டவர்களை அரசே போடவேண்டி வந்தது, அதில் சில இடங்களுக்குப் போக ரோடும் கிடையாது, கரண்டும் கிடையாது.

ஹெலிகாப்டர் இன்னொரு தலைவலி. மொபைல் ஆண்டெனாக்களைக் கொஞ்சம் குனிந்து தரையைப் பார்க்கிற மாதிரிதான் பொருத்துவோம். மேலே பறப்பவருக்கு ஒரே நேரத்தில் ஏகப்பட்ட டவர்கள் அரைகுறையாகத் தெரியும், எதிலும் உருப்படியாக ஒட்ட முடியாது. அதனால் வானத்துக்கென்றே மேல்நோக்கிய ஆண்டெனாக்களோடு தனி நெட்வொர்க் கட்டுகிறார்கள், 10,000 அடி வரைக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் உண்மையான முட்டுக்கட்டை டவரே இல்லாத இடம்தான். எரியும் கட்டடத்தின் அடித்தளத்தில் சிக்னல் செத்துப்போனாலும் டெட்ரா ரேடியோக்கள் இரண்டு, நடுவில் டவர் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும். அதன் சக்தி சுமார் 1 வாட். 4ஜி போன் அனுப்பும் சக்தி 0.2 வாட், அதிர்வெண்ணும் அதிகம், அதனால் அவ்வளவு தூரம் போகாது. 4ஜியில் நேரடிப் பேச்சுக்கான விதிமுறையைத் தரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்தான், ஆனால் அதைச் சிப்பில் போட்டுக் கடையில் விற்க யாருக்கும் ஆர்வம் இல்லை, ஏனென்றால் சாதாரண போன் வாங்குபவர் அதைக் கேட்பதில்லை.

கரண்டும் அப்படித்தான். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வந்து சுமார் 10 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, சில கிராமங்களில் ஒரு வாரத்துக்கும் மேல். மின்சாரம் போனால் பெரும்பாலான மொபைல் டவர்கள் ரொம்ப நேரம் தாங்காது. போலீஸை அதில் ஏற்றுகிறோம் என்றால் ஒவ்வொன்றுக்கும் பேட்டரி, ஜெனரேட்டர், டீசல் என்று செலவு விரியும்.

இதே பாதையில் போன மற்ற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்காவில் ஃபர்ஸ்ட்நெட் என்று 700 மெகாஹெர்ட்ஸில் தனி அலைவரிசை ஒதுக்கி ஏடி&டி என்ற மொபைல் நிறுவனத்தின் கையில் கொடுத்தார்கள், ஆனால் உயிர்போகும் நேரத்துக் குரலைப் பெரும்பாலும் பழைய வயர்லெஸ்ஸிலேயே விட்டுவிட்டார்கள். தென்கொரியா, 2014-ல் சேவோல் கப்பல் கவிழ்ந்த அதிர்ச்சிக்குப் பிறகு, அரசுக்கே சொந்தமான அலைவரிசையில் நாடு முழுக்க 4ஜி நெட்வொர்க் கட்டி 2021-ல் முடித்தது. பிரிட்டனோ தனி அலைவரிசையும் வேண்டாம், பழைய குரலும் வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே தாவலில் முடித்துவிடலாம், தேதி இது, என்று கிளம்பியது. டேட்டாவை மட்டும் முதலில் 4ஜிக்கு மாற்றி, குரலை ஏர்வேவிலேயே விட்டு, அந்த ஏர்வேவை நல்ல விலைக்குப் பேசி முடித்திருந்தால் இந்தப் பத்து வருடத்தில் பாதிப் பிரச்சினை இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். தேதியை முதலில் குறித்துவிட்டு அப்புறம் பொருளைத் தேடியதுதான் கோளாறு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ரேடியோவின் தப்பு என்று ஆகிவிடும். 2017-ல் மான்செஸ்டர் அரீனா குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்தார்கள். அன்று மூன்று துறைகளிடமும் ஏர்வேவ் இருந்தது, மூன்றும் சேர்ந்து பேசப் பொதுக் குழுவும் இருந்தது. அதை யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை, தீயணைப்பு வண்டி வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. 2022-ல் தென்கொரியத் தலைநகர் சோலில் இட்டேவோன் நெரிசலில் 159 பேர் இறந்தபோதும், அந்தப் புத்தம்புது 4ஜி நெட்வொர்க்கில் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டது வெகு சொற்பம் என்று பிறகு தெரியவந்தது. புதுக் கருவி வாங்க ஒதுக்கும் பணத்தில் பயிற்சிக்கு ஒரு பங்கு என்று எழுதி வைக்காத எந்த ஒப்பந்தத்தையும் நான் நம்பமாட்டேன்.

இனி வரப்போவது மாற்றும் காலம். 100-க்கும் மேற்பட்ட அமைப்புகள், எல்லாரையும் ஒரே இரவில் மாற்ற முடியாது. ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) போலீஸ் ஈஎஸ்என்னில், பக்கத்துக் கவுண்டி இன்னும் ஏர்வேவில், திருடனின் கார் எல்லையைத் தாண்டி ஓடுகிறது. அந்த நிமிடத்தில் இரண்டு நெட்வொர்க்கின் குழுக்களும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்றால் நடுவில் ஒரு பாலம் தேவை. ஏர்வேவ் பக்கத்தில் அந்தப் பாலத்துக்குக் கதவைத் திறந்துவிட வேண்டியவர்கள் யார் என்றால், ஒப்பந்தத்தை விட்டு விலகிப் போன அதே மோட்டரோலாதான். 2029 என்ற தேதியை யாராவது என்னிடம் உறுதியாகச் சொன்னால் நான் முதலில் கேட்பது அந்தக் கதவு திறந்தாயிற்றா என்றுதான்.