ஒரே இலவச மின்சாரம், மூன்று குறியீடு

ஒரு கட்சி இடதா வலதா என்று அளக்க அதன் தேர்தல் அறிக்கையை எண்ணாக மாற்றும்போது முதலில் தீர்க்க வேண்டியது, எதை ஒரு வாக்குறுதி என்று எண்ணுவது என்பதுதான். பல நாட்டுக் கட்சி அறிக்கைகளை ஒப்பிடும், பெர்லினில் இருந்து நடக்கும் ஆய்வுத் திட்டமான மேனிபெஸ்டோ புராஜெக்ட் முறையில் ஒரு கருத்து ஒரு துண்டு. ஒரு துண்டுக்கு ஒரே குறியீடு, அதாவது அது எந்தக் கொள்கை வகை என்று காட்டும் எண். தமிழ் அறிக்கையில் இது லேசில் முடியாது. “விசைத்தறிகளுக்கு மின்சலுகை உயர்த்தப்பட்டு, நொய்யலில் சாயக்கழிவு கலப்பது தடுக்கப்படும்” என்று ஒரே வினைமுற்றில் இரண்டு வாக்குறுதி தொங்கும். முற்றுப்புள்ளியை மட்டும் நம்பி வெட்டினால் நொய்யல் கணக்கிலேயே வராது. வினையெச்சம் வரும் இடமெல்லாம் நிறுத்திப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

அடுத்தது குறியீடு. கொங்கு மண்டலத்துக்கான வாக்குறுதிகளில் மிகவும் சோதிப்பது மின்சாரம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றால் நலத்திட்ட விரிவாக்கம், 504, இடது. சோமனூர், பல்லடம் விசைத்தறிக்கு 1000 யூனிட் என்றால் தொழில் ஊக்கம், 402, வலது. தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு என்றால் விவசாயம், 703. எந்தப் பக்கமும் சேராது. நாலு தறி வைத்துக் கூலிக்கு நெய்பவருக்குத் தரும் சலுகையை வலதுசாரிக் கொள்கை என்பது குறியிடும் எங்களுக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் குறியீட்டை மாற்றக்கூடாது. மாற்றினால் மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாது. 402-க்குள் ‘சிறுதொழில்’ என்று உட்பிரிவு போட்டுக்கொள்வதே சரி.

இடது-வலது மதிப்பெண் கணக்கு எளிது: வலது 13 வகை, இடது 13 வகை, வலதுத் துண்டுகளின் எண்ணிக்கையில் இடதுத் துண்டுகளின் எண்ணிக்கையைக் கழித்து, மொத்தத் துண்டுகளால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். வலது 40, இடது 80, மொத்தம் 400 என்றால் மைனஸ் 10. அதே அறிக்கையில் பாலம், புறவழிச்சாலை, பேருந்து நிலையம் என்று 200 வரி சேர்ந்தால் மைனஸ் 6.7. கட்சி கொள்கையில் நகரவே இல்லை, பட்டியல்தான் நீண்டது. ஊர்வாரியாக வாக்குறுதி அடுக்கும் நம் அறிக்கைகளுக்கு இது பெரிய கோளாறு. வலது, இடது எண்ணிக்கை ஒவ்வொன்றோடும் 0.5 கூட்டி, விகிதத்துக்கு மடக்கை (லாக்) எடுத்தால் அந்த 200 வரி கணக்கைத் தொடாது.

சொல்லை எண்ணும் கணினி முறைகளை அப்படியே தமிழில் ஓட்டக் கூடாது. ‘விவசாயிகளுக்கு’, ‘விவசாயிகளின்’ இரண்டும் தனித்தனிச் சொல்லாக எண்ணப்படும். வேற்றுமை உருபைப் பிரித்த பிறகே ஓட்ட வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப் என்றால் அதற்கும் முன்னால் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு ஒப்பிடும்போது மொத்த ஒற்றுமை விகிதத்தோடு நின்றுவிடாமல், 402-க்கும் 504-க்கும் இடையே எத்தனை துண்டு மாறிப் போயிருக்கிறது என்று தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.