"அது வரைக்கும்?"

தீக்காயம் பட்டவர்களை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது சொந்தக்காரர்களிடம் திட்டு வாங்குவது எங்களுக்குப் புதிதில்லை. பெட் இல்லை என்றால் திட்டு, வண்டி வரவில்லை என்றால் திட்டு. காதில் போட்டுக்கொள்ளாமல் வேலையைப் பார்ப்போம். ஆனால் பட்டாசு ஆலையிலிருந்து வந்த அந்தப் பையனின் அக்கா திட்டவே இல்லை, மெதுவாகத்தான் கேட்டார். அதனால்தானோ என்னவோ இன்னும் உறுத்துகிறது.

பையனுக்கு இரண்டு கையும் முழுசா, நெஞ்சு, வயிறு. கணக்குப் போட்டால் உடம்பில் 36 சதவீதம். கொண்டு வந்தவர்களில் யாரோ கை நிறைய டூத்பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். "இதெல்லாம் போடக் கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டே சலைனை ஊற்றிக் கழுவினேன். கழுவி முடித்ததும் அந்த அக்கா டிராலியில் இருந்த டப்பாவைக் காட்டினார்.

"நர்சம்மா, அந்த வெள்ளை மருந்த மட்டும் கொஞ்சம் தடவி விடுங்க."

"இப்ப வேண்டாம்மா. பெரியாஸ்பத்திரில பாத்துட்டு அவங்களே போடுவாங்க."

"அது வரைக்கும்?"

சுத்தமான துணி சுற்றி அனுப்புவோம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. டியூட்டியில் இருந்த டாக்டர், சின்ன வயசுக்காரர், என் பக்கத்தில் வந்து "போட்டு விட்ருங்க சிஸ்டர், அவங்க மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். "சார், அங்க போனதும் மொத்தத்தையும் வழிச்சுத்தான் எடுப்பாங்க, அந்த வலியை யார் தாங்குறது" என்றேன். அவர் போன் போட்டுக் கேட்டார். எதுவும் போடாமல் அனுப்புங்கள் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். ஆக, நான் சொன்னது சரி. இதை இத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

அந்த டப்பாவில் இருப்பது சில்வர் சல்ஃபாடயசின் 1 சதவீதம், தீக்காயத்தில் கிருமி வராமல் இருக்கப் பூசும் கிரீம், நாங்கள் எஸ்.எஸ்.டி என்போம். பூசினால் வெள்ளையாக மூடிக்கொள்ளும், போகப் போகக் காயத்தின் மேல் மஞ்சளும் சாம்பலுமாக ஓர் ஆடையும் படியும். காயம் எவ்வளவு ஆழம், அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா, தோல் ஒட்ட வேண்டியிருக்குமா என்று சர்ஜன் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் அது மூடிவிடும். பர்ன்ஸ் வார்டில் நான் வேலை பார்த்த காலத்தில், இப்படிப் பூசி வந்தவர்களை ஷவரில் உட்கார வைத்துச் சுரண்டியிருக்கிறேன். அந்தக் கத்தலைக் கேட்டவர்கள் யாரும் "மனசுக்கு ஆறுதலா" என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, முதல் சில மணி நேரத்தில் ஆளைக் கொல்வது கிருமி இல்லை. நீர்ச்சத்து இழந்து, ரத்த ஓட்டம் குறைந்து வரும் ஷாக்தான். பையன் 60 கிலோ இருப்பான். எடையையும் வெந்த அளவையும் வைத்துப் போடும் பார்க்லேண்ட் கணக்குப்படி, 36 சதவீதத்துக்கு முதல் 24 மணி நேரத்தில் எட்டரை லிட்டருக்கு மேல் ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் போக வேண்டும், அதிலும் பாதி, தீப்பட்ட நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சிறுநீர்ப் பையில் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா என்று. ஆனால் அந்த அக்காவின் கண்ணுக்கு, பாட்டில் தொங்குவது எல்லா நோயாளிக்கும் தொங்குவதுதானே. தம்பியின் புண்ணுக்கு என்று யாரும் எதுவும் செய்யவில்லை. இருந்த பேஸ்ட்டையும் கழுவிவிட்டோம்.

இதை அவரிடம் விளக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேஷுவாலிட்டியில் யாருக்கு நேரம்? சரி, நேரம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், என்ன சொல்வது? அந்த மருந்து நல்லது, ஆனால் இப்போது இல்லை, அங்கே போனால் தினமும் அதைத்தான் பூசுவார்கள் என்றா? கேட்கிறவர்களுக்கு நாம் மருந்தை மிச்சம் பிடிக்கிற மாதிரிதான் தோன்றும்.

உண்மையில் அதை ஒழுங்காகப் போடுவது சும்மா தடவி விடுகிற வேலையும் இல்லை. பழைய பூச்சைக் கழுவி எடுத்து, செத்த தோலை நீக்கி, ஸ்டெரைல் கிளவுஸ் போட்ட கையால் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு, அடியில் இருக்கும் புண் தெரியாத அளவுக்குப் பூச வேண்டும். ஆளுக்கு ஒரு டப்பா. புண்ணைத் தொட்ட விரலைத் திரும்ப டப்பாவுக்குள் விட்டால், ஒருத்தர் கிருமியை நாமே இன்னொருத்தருக்கு ஊட்டின கதைதான். சல்ஃபா அலர்ஜி உண்டா என்று கேட்க வேண்டும், ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவாக இருந்தால் ரத்த அணுக்கள் உடையும், பிரசவம் நெருங்கிய பெண்ணுக்கும் பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும் போடக் கூடாது. ஆரம்பித்த மூன்றாம் நாள் வாக்கில் வெள்ளை அணு இறங்கும், பெரும்பாலும் தானே ஏறிவிடும், ஆனாலும் பார்க்காமல் விட முடியாது. இவ்வளவு பாடும் எதற்கு என்றால், கருகிய தோலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, ஊசியில் போகும் ஆன்டிபயாட்டிக் அங்கே போய்ச் சேராது. மேலிருந்துதான் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவு நம்பிக்கையாகப் பேசுகிறேன், ஆனால் 1968-ல் வந்த இந்த மருந்தைப் பற்றியே இப்போது கேள்வி இருக்கிறது. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2013 ஆய்வுத் தொகுப்பில், வேறு டிரெஸ்ஸிங்குகளோடு ஒப்பிட்டால் இதைப் போட்டவர்களுக்குத்தான் காயத்தில் தொற்று கூடுதல் என்று இருந்தது. அதில் சேர்த்த ஆய்வுகள் அவ்வளவு தரமில்லை என்றும் அவர்களே எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பார்த்தியா, போடாததே நல்லது. அப்புறம் கூச்சமாக இருந்தது, அந்த அக்கா கேட்டது ஆராய்ச்சிக் கேள்வியா என்ன?

கூட வேலை பார்க்கிற ஜூனியர் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அப்ப எப்பத்தான்க்கா போடலாம்?" என்றாள். அங்கே பார்க்கப் போகிற டாக்டரைக் கேட்காமல் போடாதே, அனுப்ப ரொம்பத் தாமதமாகும் என்றால் போடச் சொன்னாலும் சொல்வார்கள் என்றேன். சொல்லும்போதே சட்டம் பேசுகிற மாதிரி இருந்தது. சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதம் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. பெட் கிடைக்க மறுநாள் ஆகும் என்றார்கள், கேட்டபோது பூசி வையுங்கள் என்றார்கள், நானே கழுவிப் பூசிக் கட்டினேன். அரை மணி நேரத்தில் அவர் மச்சான் சண்டைக்கு வந்துவிட்டார், காயமே தெரியாத மாதிரி எதையோ அப்பி வைத்திருக்கிறோமாம்.