மண்ணெண்ணெய் தீர்ந்த இடத்தில் நின்ற சூப்பர்மேன்

சூப்பர்மேனை நான் முதன்முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில், முள்ளியவளையில், ஒரு வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து இருந்துதான். வன்னியில் மின்சாரம் இல்லாத காலம் அது. எரிபொருள் தடை இருந்தபடியால் மோட்டார் சைக்கிள் முதல் ஜெனரேற்றர் வரை மண்ணெண்ணெயிலேயே ஓடின. வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ரிச்சர்ட் டோனர் 1978இல் இயக்கிய படத்தைப் போட்டார்கள். நிலநடுக்கத்தில் பிளந்த தரைக்குள் காரோடு புதைந்துபோன லோயிஸ் லேனைத் தூக்கிக் கிடத்தி, உயிர் போய்விட்டதை அறிந்து, சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் அலறுகிற இடத்தில் ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. மறுநாள் விடியவே டெக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால், மிச்சப் படத்தைப் பார்க்க எனக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை.

ஆகவே பல ஆண்டுகளாக என் மனத்தில் இருந்த சூப்பர்மேன், எல்லாரையும் விடப் பலசாலியாக இருந்தும் பிந்திப்போன ஒருவன். அவன் பிந்தியதற்கு அவனுடைய நல்ல குணமே காரணம் என்பதுதான் அந்தப் படத்தில் இன்றைக்கும் எனக்குப் பிடித்த இடம். பாயும் ஏவுகணைகள் இரண்டு. தன்னை விடுவிக்க வந்த வில்லனின் கூட்டாளிப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கின்படி, அவளுடைய தாய் இருக்கிற நியூ ஜெர்சிப் பக்கம் போனதை முதலில் தடுக்கிறான். வாக்கைக் காப்பாற்றப் போனவன் தன் காதலியைப் பறிகொடுக்கிறான். ஒரு இலட்சிய நாயகனுக்குக் குறை வைப்பதென்றால் இப்படித்தான் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. குறை வெளியிலிருந்து ஒட்டப்பட்டதாக இல்லாமல், அவனுடைய சிறப்பு முளைத்த அதே வேரிலிருந்து முளைத்ததாக இருக்க வேண்டும்.

போர் முடிந்த பிறகு படத்தை முழுதாகப் பார்த்தபோது ஏமாந்துபோனேன். மனிதர்களின் வரலாற்றில் தலையிடக்கூடாது என்ற பெற்ற தந்தையின் கட்டளையை மீறி, பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, காலத்தையே பின்னுக்குத் தள்ளி, லோயிஸை உயிரோடு மீட்டுவிடுகிறான். துக்கம் தாங்காமல் கட்டளையை மீறுவது மனிதக் குணம், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் மீறியதற்கு அவன் எந்த விலையும் கொடுப்பதில்லை. அவள் காருக்குப் பக்கத்தில் நின்று தன் பாட்டுக்கு முறைப்பட்டுக்கொண்டிருக்கிறாள், கதை முடிந்துவிடுகிறது. எங்கள் மண்ணெண்ணெய் தீர்ந்த இடமே அந்தப் படத்துக்கு நல்ல முடிவு என்று சொன்னால் சிரிப்பீர்கள், இருந்தாலும் என் எண்ணம் அதுதான்.

ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் இதற்கு நேரெதிரான கட்சி. பிள்ளைகளுக்கு அண்ணாந்து பார்க்க ஒருவராவது வேண்டும், அவனையும் நம்மைப்போல் ஆக்கிவிட்டால் எதற்குப் படம் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் நினைப்பதுபோல் சூப்பர்மேன் பிறக்கும்போதே புடம்போட்ட தங்கமாகப் பிறக்கவில்லை. 1938இல் ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்து வெளிவந்த முதல் கதையில், மனைவியை அடிக்கிறவனைச் சுவரில் மோதுகிற முரடனாகத்தான் வருகிறான். மெருகு பிறகு ஏறியது. ஸ்பைடர்மேனைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை, 1962இல் பிறந்த அவன் ஒரு திருடனைப் போகவிட்ட குற்றத்தோடேயே பிறந்தவன்.

மேலும், குறையுள்ளவர்களை வணங்க முடியாது என்று, கண்ணகி அம்மன் கோயில் இருக்கிற வற்றாப்பளைக்குப் பக்கத்திலிருந்துகொண்டு எப்படிச் சொல்வது? வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரித்து நாங்கள் கும்பிடுகிற கண்ணகி, ஓர் ஊரையே எரித்துவிட்டு, ஆறாத கோபத்தோடு வந்து தங்கியவள் என்பதுதான் ஐதீகம். எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். மாதவியிடம் எல்லாவற்றையும் தொலைத்துக்கொண்டிருக்கும் கோவலனை என் அம்மம்மா வெற்றிலையை மென்றபடி, மேடைக்குக் கேட்கிற குரலில், "அறுவான், நீ உருப்படமாட்டாய்" என்று திட்டுவார். விடியப்புறம், பெற்றோமாக்ஸ் வெளிச்சம் மங்கிவர, அதே கோவலன் மனைவியின் சிலம்பை விற்கப் புறப்படும்போது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பதும் அவர்தான். முன்னிரவில் செய்த பிழையை, கூத்தை ஆட்டுவிக்கிற அண்ணாவியார் விடியும்வரை மறக்க விடுவதில்லை. கோவலனும் மறப்பதில்லை.

சாக் ஸ்னைடரின் 2013ஆம் ஆண்டுப் படத்தில் எனக்கு இருக்கும் குறை இதுதான். ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியின்றி வில்லன் ஸொட்டின் கழுத்தை முறித்துவிட்டு, சூப்பர்மேனாக வரும் ஹென்றி கவில் அலறுகிறார். ரீவின் அலறலுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. சூப்பர்மேன் கொல்லலாமா என்று பலர் சண்டை பிடித்தார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அடுத்த காட்சியிலேயே அவர் இராணுவத்தின் உளவு விமானத்தை விழுத்திவிட்டு ஜெனரலோடு இலேசாகக் கதைத்துக்கொண்டு நிற்கிறாரே, அதுதான் உறுத்தியது. 2016இல் வந்த தொடர்ச்சி, இடிந்த நகரத்தைத் தெருவில் நின்று பார்த்தவனின் கண்ணால் காட்டிக் கணக்குக் கேட்டது உண்மை. ஆனால் அந்த ஒரு கொலை சூப்பர்மேனின் நெஞ்சில் கிடந்து அரித்ததாக நான் காணவில்லை. முகத்தை இறுக்கி, நிறத்தைக் கருமையாக்கிவிட்டால் மனிதன் ஆகிவிடுவான் என்று நினைக்கிறார்கள் போலும்.

ஜேம்ஸ் கன்னின் 2025ஆம் ஆண்டுப் படத்தை என் தங்கையின் மகனோடு பார்த்தேன். தோற்றுப்போய்ப் பனியில் விழுந்து கிடப்பவன், எழும்ப முடியாமல் விசிலடித்துத் தன் நாயைக் கூப்பிடுவதோடு படம் தொடங்குகிறது. பிறகு லோயிஸ் பேட்டி எடுக்கும்போது, ஒரு போரைத் தடுத்தது சரிதானா என்று அவள் துருவித் துருவிக் கேட்க, பதில் சொல்ல முடியாமல் அவனுக்குக் கோபம் வருகிறது. நல்லதைச் செய்தவனிடம் ஏன் கேள்வி கேட்கிறாய் என்கிற அந்தக் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம். கேள்வி கேட்க முடியாத நாயகர்களை மதில்களில் பார்த்து வளர்ந்தவன் நான். கடைசியில், பிழை விடுவதுதான் மனிதத்தன்மை என்று அவன் வில்லனுக்கு விளக்குவது மட்டும் வேண்டாத வேலை. அதுவரை கண்ணால் கண்டதை ஏன் காதிலும் போட வேண்டும்?

அந்தக் கையோடு மருமகனுக்கு 1978ஆம் ஆண்டுப் படத்தையும் போட்டுக் காட்டினேன், இம்முறை மின்சாரம் நிற்கவில்லை. வளர்ப்புத் தந்தை மாரடைப்பில் விழுந்து சாக, இவ்வளவு சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று, பின்னாளில் சூப்பர்மேனாகும் கிளார்க் கலங்குகிற காட்சி, படத்தின் முற்பகுதியிலேயே வந்துபோயிருந்தது. கடைசியில் பூமி பின்னோக்கிச் சுழலும்போது மருமகன் என் பக்கம் திரும்பினான்.

"மாமா, இப்பிடிச் சுத்தித் திருப்பலாமெண்டா, தகப்பன் செத்த அண்டைக்கு ஏன் சுத்தேல்லை?"

2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை அவன். அவனுடைய அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்; நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.