அட்டையில் யார் பெயர்?

பாட்டு பிடித்துவிட்டால் அதில் வாசித்தவர்கள், பாடியவர்கள் பட்டியலையும் தேடிப் படிப்பேன். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1973 ஆல்பத்தில் கிளேர் டோரி என்ற பாடகி வார்த்தையே இல்லாமல் குரலாலேயே ஒரு பாட்டை எழுப்பியிருப்பார். அன்றைக்குக் கிடைத்த சம்பளம் 30 பவுண்டு. பாடியவர் என்று அட்டையில் போட்டார்கள். அந்த மெட்டில் அவருக்கும் பங்குண்டு என்று ஏற்க, வழக்குப் போட்டு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படித்தான் ஃபிரான்சிஸ் குரோசியரும். அயர்லாந்தின் பான்பிரிட்ஜில் 1796-இல் பிறந்து, 13 வயதில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தவர். ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அண்டார்டிகா போனபோது (1839-43) கூடவே 'டெரர்' கப்பலை ஓட்டியவர் இவர்தான். ராஸ் பெயரில் ஒரு கடலே இருக்கிறது. இவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் 1845-இல் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் ஆர்க்டிக் பயணம், குரோசியர் மறுபடியும் டெரரில். பனியில் சிக்கிய கப்பல்கள், 1847 ஜூனில் தலைவர் ஃபிராங்க்ளின் மரணம். மிஞ்சியவர்களின் பொறுப்பு குரோசியர் தலையில் விழுந்தது. 1848 ஏப்ரலில் 105 பேரோடு கப்பலை விட்டு இறங்கினார். கற்குவியலில் வைத்துவிட்டுப் போன தாளில், முந்தைய ஆண்டு எழுதிய 'எல்லோரும் நலம்' செய்தியைச் சுற்றி ஓரங்களில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். நாளை (கனடாவின் வடக்கே உள்ள) பேக்ஸ் ஃபிஷ் ஆற்றை நோக்கிக் கிளம்புகிறோம் என்ற வரி குரோசியர் கையால் எழுதியது. ஒருவரும் திரும்பவில்லை. டெரர் 2016-இல்தான் கடலடியில் கிடைத்தது.

என்னைக் கேட்டால் அந்த வரிக்காகவே அவர் பெயர் முதலில் வர வேண்டும். தாளின் படம் இணையத்தில் கிடைக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள்.