படம் முடிந்த மறுநாள்

பிப்ரவரி 4, செவ்வாய்

பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம். தொண்டையைச் செருமக் கூடாது; செருமத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர். சரி.

நான் எழுதிக் காட்டுவதைப் படித்துவிட்டு அக்காவும் பதிலை அதே தாளில் எழுதித் தருகிறாள். உனக்கென்ன, நீ பேசலாமே என்று எழுதினேன். சிரித்தாள். அதிலும் சத்தம் வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

'அமெரிக்கன் சிம்ஃபனி' ஆவணப்படம். இசைக்கலைஞர் ஜான் பட்டீஸ்டுக்கு ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகள். அவர் மனைவி சுலைகாவுக்கு முந்தைய வருஷக் கடைசியில் ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்து, அதே 2022-ல் இரண்டாம் முறையாக எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. இயக்குநர் மேத்யூ ஹைன்மன் 1,500 மணி நேரத்துக்கு மேல் எடுத்ததில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. விருது மேடை எனக்கு ஒட்டவில்லை. அந்த மனிதர் தலை வரைக்கும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு போனில் தன் மனநல ஆலோசகரோடு பேசுகிறாரே, அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த அறையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மூச்சுகூட விட்டிருக்க மாட்டார்.

நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அவருடைய சிம்ஃபனி நடுவே மேடையில் மின்சாரம் போய்விடுகிறது. பியானோவுக்கு மின்சாரம் எதற்கு? தனியாக வாசித்துக்கொண்டே போகிறார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தேன். 2024-ல் சுலைகாவுக்கு மூன்றாம் முறையாகப் புற்றுநோய் வந்திருக்கிறது. படம் வந்தது 2023-ல்.

பிப்ரவரி 6, வியாழன்

தொண்டைப் பரிசோதனை ரிசல்ட் வரவில்லை.

பிப்ரவரி 8, சனி

நேற்று இரவு தூக்கம் இல்லை. 'ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்' போட்டேன். பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடியவர்களைப் பற்றிய படம். டார்லீன் லவ் வீடு துடைக்கும் வேலைக்குப் போன இடத்தில் ரேடியோவில் தன் குரலையே கேட்கிறார். அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கலாம். ஆனால் மெர்ரி கிளேட்டன் வந்துவிட்டார்.

1969. நள்ளிரவில் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவுக்காக அழைப்பு. அவர் நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணி, தலையில் கர்லர். போய் 'கிம்மி ஷெல்டர்' பாட்டுக்குப் பாடிக் கொடுக்கிறார். படத்தில் வாத்தியங்களை எல்லாம் எடுத்துவிட்டு அவர் குரலை மட்டும் ஓடவிடுகிறார்கள். உச்சிக்குப் போகிற இடத்தில் குரல் உடைகிறது. பிசிறு அல்ல, உடைவு. அதை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டேன். அந்த உடைவை அப்படியே விட்டுவைத்தார்களே, அதுதான் அந்தப் பாட்டுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அவருக்கு அல்ல. அதற்குப் பிறகு அவர் கருவை இழந்தார்.

கேட்கும்போது என் தொண்டையும் கூடவே இறுகியதைக் கவனித்தேன். பாடாமலே கஷ்டப்படுத்திவிட்டேனோ என்று பயம். தண்ணீர் குடித்தேன்.

படத்துக்கு 2014 மார்ச்சில் ஆஸ்கர். ஜூனில் கிளேட்டனுக்குக் கார் விபத்து. இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. விஷயத்தை மருத்துவர்கள் சொன்னபோது அவர் கேட்டது, என் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான். 2021-ல் புது ஆல்பம் போட்டிருக்கிறார்.

என் குரல் யாரும் காசு கொடுத்துக் கேட்கிற குரல் இல்லை. இருந்தாலும் விடியும்வரை அந்தக் கேள்வி போகவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்கா எழுதியது: "இதெல்லாம் எதுக்குப் பாக்குற? ஒரு காமெடி பாரு."

பிப்ரவரி 10, திங்கள்

எரிச்சல். எதைப் பார்த்தாலும் எரிச்சல். 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' மீதும் அந்த எரிச்சலைக் கொட்டுகிறேன். டெட்ராய்ட்டில் கட்டிட வேலை செய்துவந்த ரோட்ரிகஸ், தான் தென்னாப்பிரிக்காவில் பெரிய பாடகர் என்பதே தெரியாமல் இருக்கிறார். 1998-ல் அங்கே போய் ஆயிரக்கணக்கானோர் முன் பாடுகிறார். முதல்முறை பார்த்தபோது அழுதிருக்கிறேன். ஆனால் அவர் 1979-லும் 1981-லும் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மேடையேறிவிட்டு வந்தவர். படத்தில் அது கிடையாது. இருந்திருந்தால் "யாருக்கும் தெரியாமல் போனவர்" என்ற கதை நிற்காது. எடிட்டிங் டேபிளில் ஒரு மனுஷனின் இரண்டு நல்ல வருஷங்களை வெட்டி எறிந்திருக்கிறார்கள், அவர் இன்னும் பாவமாகத் தெரியட்டும் என்று.

கடைசிக் கட்டத்தை ஐபோனில் எடுத்தார்களாம், கையில் காசில்லாமல். இயக்குநர் மாலிக் பெஞ்செலூல் 36 வயதில் போய்விட்டார். அவரை எவ்வளவு திட்டுவது?

தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய ரோட்ரிகஸ் அதே பழைய வீட்டில்தான் இருந்தார். வந்த பணத்தைப் பெரும்பாலும் பிறருக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்தத் திரும்பிய வாரம் வேண்டும். பெட்டியைப் பிரித்து, சட்டையைத் துவைக்கப் போட்டு, மறுபடி வேலைக்குக் கிளம்பிய அந்த வாரம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேஷன்ட்தான் பேச வேண்டுமாம், விதிமுறையாம். பேசக்கூடாது என்று சொன்னதே அவர்கள்தான்! கடைசியில் என் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லி அக்காவே நானாகப் பேசினாள். அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று முன்னாலேயே அறிவிப்பு வந்தது. ஆக, பதிவில் என் குரலாக இருப்பது அவள் குரல். நாளைக்கு என்னைப் பற்றி யாராவது ஆவணப்படம் எடுத்தால் அதைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

ரிசல்ட் வெள்ளிக்கிழமையாம்.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டு நாளாகப் பிரித்துப் பிரித்து 'ஜெய் பீம் காம்ரேட்'. 1997 ஜூலை, மும்பை ராமாபாய் நகர். அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களைப் போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். சில நாள் கழித்து, பாடகர் விலாஸ் கோக்ரே அந்த வேதனையில் உயிரை மாய்த்துக்கொண்டார். 1985-ல் வந்த ஆனந்த் பட்வர்தனின் முந்தைய படத்தில் பாடியவர் அவர். அந்தச் சாவிலிருந்து கிளம்பிய பட்வர்தன் 14 வருஷம் எடுத்திருக்கிறார்.

இந்தப் படத்தில் யாரும் ஜெயித்து மேடை ஏறுவதில்லை. வழக்கு இழுக்கிறது, ஆட்சி மாறுகிறது, பாட்டு மட்டும் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது: சேரி முற்றத்தில், கூட்டத்தில், தெருமுனையில். வருஷங்கள் ஓடுவது ஜனங்களின் முகத்திலேயே தெரிகிறது. சின்னப் பிள்ளையாக இருந்தவர் வளர்ந்து நிற்கிறார். மறுநாளுக்கும் கேமராவோடு போன மனுஷன் இவர் ஒருவராவது இருக்கிறாரே.

கபீர் கலா மஞ்ச் என்ற புனே கலைக்குழுவின் ஷீதல் சாத்தே பாடுகிறார். என்ன குரல்! மாவோயிஸ்ட் முத்திரை விழுந்து தலைமறைவானவர், 2013 ஏப்ரலில் மகாராஷ்டிர சட்டமன்றத்துக்கு வெளியே வந்து கைதானார், கர்ப்பிணியாக. ஜூனில் ஜாமீன். அவர் கணவர் சச்சின் மாலிக்கு 2017-ல்தான் கிடைத்தது. இதெல்லாம் படத்துக்குப் பிறகு நடந்தவை. 14 வருஷமும் போதவில்லை.

அக்காவும் பாதிவரை உட்கார்ந்து பார்த்தாள். காமெடி பேச்சு எடுக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

விடிகாலை. கியூபாவின் வயதான இசைக்கலைஞர்களைப் பற்றிய 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்'பில் ரூபன் கொன்சாலஸ் பியானோ வாசிக்கும் இடம். பெரிய பழைய கூடத்தில் சின்னப் பிள்ளைகள் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிக்கொண்டிருக்கிறார்கள். கிழவர் வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாகப் பியானோவைச் சுற்றி வந்து நிற்கிறதுகள். வீட்டில் அவருக்கிருந்த பியானோவைக் கரையான் தின்றுவிட்டது.

அந்தக் குழுவில் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த இப்ராஹிம் ஃபெரருக்கு 2000-ல், 73 வயதில், லத்தீன் கிராமியின் சிறந்த புதுமுகம் விருது. புதுமுகம்! 2004-ல் கிராமி ஜெயித்தார். அமெரிக்கா விசா தரவில்லை. வாங்கப் போக முடியவில்லை.

இவர்களைத் தேடி 2017-ல் லூசி வாக்கர் இன்னொரு படம் எடுத்திருக்கிறார், 'ஆதியோஸ்'. அதைத்தான் போட்டிருக்கிறேன். ஆரம்பம்தான் ஆகியிருக்கிறது, எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். மிச்சத்தை அங்கே காத்திருக்கும்போது பார்க்கலாம் என்றால் சார்ஜரைக் காணோம்