ஆர்ச்சுக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர்: ஒரு லாங்ஹார்ன்ஸ் ரசிகனின் நாட்குறிப்பு

ஜூலை 15, 2025, செவ்வாய்

ஒரு காதில் ஆபீஸ் மீட்டிங், இன்னொரு காதில் அட்லாண்டா. கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலில் எஸ்.இ.சி. ஒரு லீக்; அதன் ஊடக நாட்களில் இன்று எங்கள் டெக்ஸஸ் பல்கலைக்கழக லாங்ஹார்ன்ஸின் முறை. கோச் சார்கீசியன் பேசினார், பிறகு இந்த வருஷத்துக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்) ஆர்ச் மேனிங் வந்தான். அவன் நடந்து வரும்போதே கேமராக்கள் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. பையனுக்கு 21 வயதுதான். பதிலெல்லாம் அடக்கமாக, கொஞ்சம் கிண்டலாக இருந்தது.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக ஒரு வரி. தாத்தா ஆர்ச்சி மேனிங், சித்தப்பாக்கள் பெய்ட்டன், ஈலை, மூவருமே குவார்ட்டர்பேக். பெய்ட்டனும் ஈலையும் ஆளுக்கு 2 சூப்பர் பௌல் (என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் இறுதி ஆட்டம்) ஜெயித்தவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை இரண்டு வருஷம் ஆஸ்டினில் பெஞ்சில் உட்கார்ந்து க்வின் யூவர்ஸ் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் பிடிக்காத பையன்கள் ஆறே மாதத்தில் வேறு கல்லூரிக்கு மாறிவிடுகிறார்கள். இவன் மாறவில்லை. எனக்கு இவனைப் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

ஆனால் இன்று முழுக்க யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: அவனைக் காக்க அவனுக்கு முன்னால் நிற்கப்போகிற ஐந்து பேர், அதாவது லைன், யார்?

ஜூலை 20, ஞாயிறு

எஸ்.இ.சி. சாம்பியன் டெக்ஸஸ்தான் என்று பத்திரிகைக்காரர்கள் வாக்களித்துவிட்டார்கள். வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் கோப்பையையும் ஆர்ச் கையில் இப்போதே கொடுத்தாயிற்று. பழைய ஃப்ளோரிடா கோச் ஸ்டீவ் ஸ்பரியர் மட்டும் வழக்கம்போல ஒரு ஊசி குத்தினார். இவன் அவ்வளவு நல்ல ஆட்டக்காரன் என்றால் போன வருஷம் யூவர்ஸை ஏன் ஆடவிட்டார்கள் என்று கேட்கிறார். கேட்க எரிச்சலாக இருந்தாலும் நியாயமான கேள்விதான்.

நம்மிடம் உள்ள கணக்கைப் பார்ப்போம். 2024இல் ஆர்ச் எறிந்தது 90, சேர்ந்தது 61, மொத்தம் 939 யார்டு, 9 டச் டவுன் (கோட்டைத் தாண்டிப் புள்ளி), 2 இன்டர்செப்ஷன் (எதிராளி பிடித்துக்கொண்ட பந்து). பார்க்க அழகான எண்கள். யாருக்கு எதிராக என்று பார்த்தால்தான் சுதி குறைகிறது. யூவர்ஸ் வயிற்றுப் பக்கத்தில் அடிபட்டு வெளியேறியது சிறிய அணியான யூ.டி.எஸ்.ஏ.வுடன் நடந்த ஆட்டத்தில். உள்ளே வந்த ஆர்ச் எறிந்த முதல் பந்தே டச் டவுன். கொஞ்ச நேரத்தில் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு 67 யார்டு ஓடினான். நான் இருந்த இடத்திலிருந்து அவன் முகம் தெரியவில்லை, துரத்திய ஆட்கள் பின்தங்கிக்கொண்டே போவது மட்டும் தெரிந்தது. யூவர்ஸ் இருந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் பார்க்காத காட்சி அது. ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம்.

அப்புறம் லூசியானா மன்ரோவுடன் 2 இன்டர்செப்ஷன். மிஸிஸிப்பி ஸ்டேட்டுடன் எறிந்த 31இல் 26 சேர்ந்தது, 325 யார்டு. முழுதாகத் தொடங்கி ஆடியது அந்த இரண்டு ஆட்டம்தான். பெரிய டிஃபென்ஸ் என்று பார்த்தால் அக்டோபரில் ஜார்ஜியா. யூவர்ஸ் திணறியபோது இரண்டாம் க்வார்ட்டரில் இவனை இறக்கினார்கள். ஜார்ஜியாக்காரர்கள் இரண்டு பக்கமும் புகுந்து வந்தார்கள், பந்து கைநழுவியது, சீக்கிரமே யூவர்ஸ் திரும்பி வந்துவிட்டான். கடைசியில் 30-15 தோல்வி. அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்து ஒருவனை எடைபோடக் கூடாது. யூ.டி.எஸ்.ஏ. ஆட்டத்தை வைத்தும் எடைபோடக் கூடாது. இரண்டாவதை மட்டும் ஊரே செய்துகொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

பயிற்சி முகாம் தொடங்கிவிட்டது. வெளியே 100 டிகிரிக்குப் பக்கத்தில் காய்கிறது. காலை ஏழு மணிக்கே நடைப்பயிற்சி போய்விட்டு வந்தால்தான் உண்டு.

சரி, அந்த ஐந்து பேர் விஷயம். நடுவில் நிற்பவன் சென்டர், அவனுக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். போன வருஷ லைனில் இடது டாக்கிள் கெல்வின் பேங்க்ஸ், இடது கார்டு ஹேடன் கானர், சென்டர் ஜேக் மேஜர்ஸ், வலது டாக்கிள் கேமரன் வில்லியம்ஸ். நான்கு பேரும் போய்விட்டார்கள். பேங்க்ஸை என்.எஃப்.எல். அணிகள் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் நியூ ஆர்லியன்ஸ் 9ஆவது ஆளாக எடுத்தது. மிச்சம் இருப்பது வலது கார்டு டி.ஜே. கேம்ப்பெல் மட்டும்.

நம்ம ஊர் ஆட்களுக்கு லைனைப் புரியவைக்கக் கபடியில் கைகோத்துச் சங்கிலி போட்டு நிற்பதைத்தான் சொல்வேன். ஒவ்வொருவனும் தனித்தனியாகப் பலசாலியாக இருந்து புண்ணியமில்லை. பக்கத்தில் நிற்பவன் எப்போது எந்தப் பக்கம் நகர்வான் என்று பார்க்காமலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆள் அந்தச் சந்தில்தான் புகுந்து வருவான். ஒரு சீசன் சேர்ந்து ஆடினால்தான் அது வரும், எடைத்தட்டு தூக்கி வராது.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. இடது டாக்கிளில் நிற்கப்போகிற ட்ரெவர் கூஸ்பி, பேங்க்ஸ் கணுக்கால் அடிபட்டிருந்தபோது எஸ்.இ.சி. இறுதி ஆட்டத்தையே ஜார்ஜியாவுக்கு எதிராகத் தொடங்கியவன். அதைவிடக் கடினமான பரீட்சை இல்லை. கோல் ஹட்சன் கார்டிலிருந்து சென்டருக்கு நகர்கிறான். ஆடிய அனுபவம் உண்டு, ஆனால் ஸ்னாப் போடுவது (பந்தைப் பின்னால் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) வேறு வேலை. வலது பக்கம் பிராண்டன் பேக்கர். உயர்நிலைப் பள்ளியில் பெரிய பெயர், இங்கே இன்னும் பெரிதாக ஆடவில்லை. லைன் கோச் கைல் ஃப்ளட் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். 2021இல் அலபாமாவிலிருந்து சார்கீசியனோடு வந்தவர், பேங்க்ஸை முதல் வருஷத்திலேயே ஆடவைத்து டிராஃப்டின் முதல் ரவுண்டு வரை கொண்டுபோனவர். அவரே கவலைப்படாமல் இருக்கும்போது நான் ஏன் படுகிறேன் என்று மனைவி கேட்கிறாள். அவருக்குச் சம்பளம் வருகிறது, எனக்கு வருவதில்லை என்றேன்.

இந்த வருஷம் வசந்தகால ஆட்டமும் நடத்தவில்லை. அதனால் முதல் ஸ்னாப் விழும்வரை நாங்கள் பேசுவதெல்லாம் ஊகம்தான்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று இரவு வேண்டுமென்றே ஜனவரி 10ஆம் தேதி நடந்த அரையிறுதியான காட்டன் பௌலை மறுபடி போட்டுப் பார்த்தேன். முழு ஆட்டமும் இல்லை, கடைசி ஐந்து நிமிஷம் மட்டும்.

ஒஹாயோ ஸ்டேட் 21, நாம் 14. கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு. நான்கு வாய்ப்பு கையில். முதல் முயற்சி ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவன்) கிப்சன் நடுவில், ஒன்றும் இல்லை. இரண்டாவதுதான் வயிற்றெரிச்சல். பந்தை வெளியே வீசி இன்னொரு ரன்னிங் பேக் விஸ்னரை ஓரமாக ஓடவிட்டார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விஸ்னர் பந்தைப் பிடிக்கும்போதே வெள்ளைச் சட்டை ஆட்கள் அவன் ஓடவேண்டிய பாதையில் நிற்கிறார்கள். அவன் வளைய வளைய கோடு தூரமாகிக்கொண்டே போகிறது. 7 யார்டு நஷ்டம். மூன்றாவது, பாஸ் சேரவில்லை. நான்காவது, ஜாக் சாயர் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டி எடுத்து 83 யார்டு ஓடிவிட்டான். சாயரும் யூவர்ஸும் ஒரு காலத்தில் ஒஹாயோ ஸ்டேட் இருக்கும் கொலம்பஸில் அறைத்தோழர்கள். கதை எழுதுகிறவன் இதை எழுதினால் நம்ப மாட்டோம்.

அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே கேள்வி: அந்த ஒரு யார்டுக்கு ஆர்ச்சை ஏன் இறக்கவில்லை? எனக்கு அதைவிடப் பழைய வலி ஒன்று உண்டு. 2023 அக்டோபரில் ஓக்லஹோமாவுடனும் இதே ஒரு யார்டிலிருந்து நான்கு முறை முட்டி உள்ளே போக முடியவில்லை. ஆட்டம் 34-30 போனது. அப்போது லைனில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களாலேயே ஆகாதது புது ஆட்களால் ஆகுமா?

எனக்குத் தோன்றுவது, இது லைனின் பலக்குறைவு மட்டும் இல்லை. சார்கீசியன் அழகாக யோசிக்கிற மனிதர். மைதானத்தின் நடுவில் அவர் வரைகிற ஆட்டங்களுக்கு ஈடில்லை, 2020இல் அலபாமாவில் டெவான்ட்டா ஸ்மித்துக்கு ஹைஸ்மன் வாங்கிக் கொடுத்த மூளை அது. இடம் சுருங்கச் சுருங்க அந்த அழகு வேலைக்கு ஆவதில்லை. ஒரு யார்டில் தேவைப்படுவது புத்திசாலித்தனம் இல்லை, முரட்டுத்தனம். குவார்ட்டர்பேக்கே ஓடுவான் என்ற பயம் எதிராளிக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. 6 அடி 4 அங்குல ஆள் இப்போது கையில் இருக்கிறான். ஆனால் அவனை அங்கே முட்டவிட்டுத் தோள் போனால்? இதுதான் இந்த வருஷத்துச் சிக்கல் மொத்தமும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் முதல் இடம்! சீசன் தொடங்கும் முன்பே டெக்ஸஸ் முதலிடத்தில் நிற்பது வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை. பட்டம் ஜெயித்த 1969லும் இல்லை, வின்ஸ் யங் இருந்த 2005லும் இல்லை. கடையில் பால் வாங்கப் போனால் வாசலிலேயே ஆரஞ்சுச் சட்டை மலைபோலக் குவித்திருக்கிறார்கள். பில் போடும் பாட்டி என் தொப்பியைப் பார்த்து இரண்டு விரலை நீட்டிக் கொம்பு காட்டினார். நானும் காட்டினேன்.

பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சீசனின் முதல் ஆட்டமே கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டுடன்தான். அவர்கள் ஜூலியன் சயினை குவார்ட்டர்பேக்காக அறிவித்துவிட்டார்கள். அவனும் புதுசுதான், அந்த வகையில் சரிக்குச் சரி. நான் கவலைப்படுவது மேட் பட்ரீஷியாவைப் பற்றி. என்.எஃப்.எல்.இல் வருஷக்கணக்காக இருந்த ஆள் இப்போது அவர்களுடைய டிஃபென்ஸை நடத்துகிறார். கல்லூரியில் அவர் என்ன போடுவார் என்று பார்க்க இந்த வருஷத்து வீடியோ எதுவும் கிடையாது. பின்னால் கேலப் டவுன்ஸ் நிற்கிறான். எங்கே நிற்கிறான் என்று பார்த்து நீங்கள் ஒன்று முடிவு செய்தால், பந்து போகும்போது அவன் வேறு இடத்தில் இருப்பான். புது குவார்ட்டர்பேக்கை ஏமாற்றுவதற்கென்றே செய்த கூட்டணி.

வெளியூரில் பெரிய ஆட்டம் என்றால் சார்கீசியன் சோடை போனதில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். 2023இல் அலபாமாவில் போய் 34-24. 2024இல் மிஷிகனில் போய் 31-12. இரண்டும் செப்டம்பரில், இரண்டும் யாரும் எளிதில் ஜெயிக்காத மைதானங்கள். யோசிக்க நாள் கொடுத்தால் அவர் வேறு ஆள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மகளை விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். இரண்டாம் ஆண்டு. இந்த வாரம் வகுப்பு. பெட்டி, மின்விசிறி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் மாடி ஏற்றியபின் அவளும் அறைத்தோழியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார்கள். மேத்யூ கோல்டன் 987 யார்டோடு என்.எஃப்.எல். அணியான க்ரீன் பே போய்விட்டான், டைட் எண்ட் (லைனை ஒட்டி நின்று தடுக்கவும் பிடிக்கவும் செய்பவன்) கன்னர் ஹெல்மும் இல்லை, ஐசையா பாண்டும் இல்லை. மகளுக்குக் கவலையே கிடையாது. "ரையன் விங்கோ இருக்கான்பா, பாருங்க."

விங்கோ வேகம் எனக்கும் தெரியும். போன வருஷம் முதலாண்டு மாணவனாக 29 கேட்ச், 472 யார்டு. ஆனால் போன சீசன் காலிறுதியான பீச் பௌலில் நான்காவது முயற்சி, 13 யார்டு வேண்டும் என்ற நிலையில் யூவர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கோல்டனை நம்பி எறிந்தான், அவன் பிடித்துக் கோட்டைத் தாண்டினான். அந்த மாதிரி நேரத்தில் ஆர்ச் யாரைத் தேடுவான்? என் கணிப்பு டியாண்ட்ரே மோர். சின்ன ஆள், போன வருஷம் 7 டச் டவுன், கால் சுத்தம். கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருக்கும் டைட் எண்ட் ஜாக் எண்ட்ரீஸும் உதவுவான் என்று நினைக்கிறேன். லைன் புதிதாக இருக்கும்போது பந்தைச் சீக்கிரம் கைமாற்ற அப்படி ஒருவன் நடுவில் வேண்டும்.

ரன்னிங் பேக்கில் குறையில்லை. 1,064 யார்டு ஓடிய விஸ்னர் இருக்கிறான். போன ஆகஸ்டில் முழங்கால் போய் மொத்த சீசனையும் இழந்த சி.ஜே. பேக்ஸ்டர் திரும்பியிருக்கிறான்.

"அப்பா, எல்லாரும் ஆர்ச்சைப் பாப்பாங்க, நீங்க மட்டும் குண்டு ஆளுங்களையே பாருங்க" என்று வழியனுப்பினாள்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை ஆறுவதற்குள் கொலம்பஸிலிருந்து போன். கல்லூரியில் பக்கத்து பெஞ்சுக்காரன், இருபது வருஷமாக ஒஹாயோ. "மச்சி, பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் வேண்டியிருக்க?" என்று ஆரம்பித்தான். சாம்பியன்களின் ரசிகன் வேறு, திமிருக்குக் கேட்க வேண்டுமா. அவர்களுடைய ரிசீவர் ஜெரமையா ஸ்மித் பெயரைப் பத்து தடவை சொன்னான். நான் அவர்களுடைய டிஃபென்ஸ் லைனிலும் பாதிப் பேர் என்.எஃப்.எல். போய்விட்டதை நினைவூட்டினேன். சாயரும் இல்லை. "அங்கேயும் புதுசு, இங்கேயும் புதுசு, அப்புறம் என்ன" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஸ்டேடியம் பழசுடா" என்றான். ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் கத்தும்போது சென்டர் ஹட்சனுக்குக் குவார்ட்டர்பேக் குரல் கேட்காது. எந்தப் புது லைனும் முதலில் சறுக்குவது அங்கேதான். தப்பான நேரத்தில் ஒருவன் அசைவான், 5 யார்டு போகும்.

அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நாளை ஆட்டம், நம்ம நேரம் காலை 11 மணி. ஜெயிக்கும் என்று நினைக்கும் அணியின் தொப்பியைப் போட்டுக் கணிக்கும் லீ கோர்சோவின் கடைசி கேம்டே டி.வி. நிகழ்ச்சியும் கொலம்பஸில்தான். தொண்ணூறு வயது மனிதர் கடைசியாக எந்தத் தொப்பியைப் போடுவார் என்பதில் சந்தேகமே வேண்டாம், அவருடைய முதல் தொப்பியே ஒஹாயோ ஸ்டேட் பொம்மைத் தலைதான்.

இட்லி மாவு தயார். நண்பர்கள் நான்கு குடும்பம் வருகிறார்கள், குழந்தைகளுக்கு மேல்மாடி. என் கணிப்பு 24-20, நமக்கு. ஆர்ச் முதல் பாதியில் தடுமாறுவான். பட்ரீஷியா காட்டுவதையெல்லாம் பார்த்துவிட்டு இடைவேளைக்குப் பிறகு இரண்டு தடவை தானே ஓடி ஆட்டத்தைப் பிடிப்பான். கூஸ்பி பக்கம் பிரச்சினை வராது, வந்தால் பேக்கர் பக்கம் வரும். மோருக்கு ஒரு டச் டவுன், விஸ்னருக்கு ஒன்று. தோற்றால் அது பாஸ் எறியத் தெரியாமல் இருக்காது, கோட்டுக்குப் பக்கத்தில் போய்ப் புள்ளி எடுக்காமல் திரும்பியதால் இருக்கும். கொலம்பஸ்காரனுக்கு இதையே அனுப்பிவிட்டேன், பிறகு மாற்றிப் பேசினான் என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். சார்கீசியன் சார், ஒரு யார்டில் நின்றால் நேராகப் போங்கள், பந்தை வெளியே மட்டும் வீசாதீர்கள்.