இடுப்பு வலிக்குக் காலை அமுக்கிப் பார்த்த அனுபவம்

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவர்களுக்கு இடுப்பு வலி புதிதல்ல. எனக்கு இடது பக்கம் மட்டும், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சாயங்காலம் ஆனால் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை போட்டால் அடங்கும், தீபாவளிக் கூட்டம் தொடங்கினால் திரும்பவும் வரும்.

கூட வேலை பார்க்கும் அண்ணன் சொல்லி, பாத ரிஃப்ளெக்சாலஜி செய்கிற ஒரு பெரியவரிடம் போனேன். பாதத்தில் ஒவ்வொரு இடமும் உடம்பின் ஒரு பாகத்தோடு தொடர்புடையது, அங்கே அழுத்தினால் அந்தப் பாகத்து வலி தீரும் என்று சொல்லும் முறை அது. சுவரில் பெரிய பாதப் படம். கட்டைவிரலிலிருந்து குதிகால் வரை உள்விளிம்பு முழுக்க முதுகெலும்பு என்று குறித்திருந்தது. விரல் பக்கம் கழுத்து, குதிகாலை நெருங்கினால் இடுப்பு. இந்த மாதிரிப் படங்களுக்கு அடிப்படை போட்டவர் அமெரிக்காவின் யூனிஸ் இங்காம், 1930களில். அவருக்கு முன்பே வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற டாக்டர் உடம்பைப் பத்து மண்டலங்களாகப் பிரித்திருந்தார்.

பெரியவர் மரக்குச்சியால் வலது காலை அழுத்தும்போது சுகமாக இருந்தது. இடது காலில், குதிகால் எலும்பு முடிந்து பள்ளம் தொடங்கும் உள்பக்கத்தில் வைத்தாரோ இல்லையோ, காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "தம்பி, உங்க இடுப்பு இங்கதான் இருக்கு" என்றார்.

அந்த இடத்திலிருந்து இடுப்புக்குத் தனி இணைப்பு உண்டு என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஒரு காலில் மட்டும் ஏன் அப்படி வலிக்க வேண்டும்? அந்தக் கேள்வியோடு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அவரும் அதே இடத்தைத்தான் கட்டைவிரலால் அழுத்தினார். பாத வளைவைத் தாங்கும் தடித்த நார்ப்பட்டை குதிகாலில் வந்து ஒட்டும் இடமாம் அது. வளைவு சரியும்போது அங்கேதான் இழுபடும். அப்புறம், "கடையில எப்படி நிப்பீங்களோ, அப்படியே நில்லுங்க அண்ணா" என்றார்.

நின்றேன். முழு பாரமும் இடது காலில், இடுப்பு இடது பக்கம் தள்ளி, வலது முழங்கால் தளர்வாக. மேஜையில் சேலை விரிக்கக் குனிவதும் அதே நிலையில்தான். ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நடக்கச் சொன்னார். வலது தடத்தின் நடுவில் உள்பக்கம் ஈரம் படாத இடைவெளி தெரிந்தது, இடது தடம் ஏறக்குறைய முழுப் பட்டையாக விழுந்தது. இடது செருப்பும் உள்பக்கமே தேய்ந்திருந்தது. வளைவு சரிந்தால் முழங்கால் உள்ளே திரும்பும், தொடையும் கூடவே சுழலும், இடுப்பு சாயும், சாய்ந்ததை நிமிர்த்தி வைக்க முதுகுத் தசை நாள் முழுக்க இறுகிக் கிடக்கும். எனக்கு இரண்டும் கூட்டாளி மாதிரி சேர்ந்தே வளர்ந்திருக்கிறது என்றார்: நிற்கும் விதம் பாதத்தைக் கெடுக்க, பாதம் நிற்கும் விதத்தைக் கெடுக்க.

இப்போது ராத்திரி, நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி, குதிகாலிலிருந்து விரல் பக்கம் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளித் தேய்க்கிறேன். கட்டி மாதிரி தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, மூச்சை விட்டுக்கொண்டே வலி குறையும் வரை அழுத்திப் பிடிப்பேன். கெண்டைக்காலை விட்டுவிடக் கூடாது. அது இறுகியிருந்தால் பாதத்தில் எவ்வளவு தேய்த்தாலும் பயன் குறைவு. காலையில் படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கிக் கெண்டைக்காலை நீட்டுகிறேன். மசாஜ் மட்டும் செய்த நாட்களில் வலி மறுநாளே வந்தது. கவுண்டருக்கு அடியில் ஒரு பலகை போட்டு, கால் மாற்றி மாற்றி வைக்கத் தொடங்கிய பிறகுதான் இடுப்பு இலகுவானது.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். கடையில் ஸ்டூல் இருந்தால் கூச்சப்படாமல் உட்காருங்கள், அது உங்கள் உரிமை.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் குச்சி வைத்து அழுத்தவே வேண்டாம், புண்ணானால் தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தேய்க்காமல் டாக்டரிடம் போங்கள், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, நேராக ஆஸ்பத்திரிதான்.